1992 டிராகுலாவின் ட்ரிக் ஷாட்களை ஓர் அறைக்குள் எடுப்பது எப்படி?

பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா இயக்கி 1992 நவம்பரில் வெளியான டிராகுலா படத்தை இன்று திரும்பப் பார்ப்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். ஒன்று, கியானு ரீவ்ஸின் பிரிட்டிஷ் உச்சரிப்பு இன்றைக்கும் காதில் ஒட்டவில்லை. இன்னொன்று, ட்ரிக் காட்சிகள் பழசாகவே தெரியவில்லை. முதலாவதற்கு வைத்தியம் கிடையாது. இரண்டாவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால், ஒரு மிரர்லெஸ் கேமரா, உறுதியான ட்ரைபாட், மூன்று விளக்குகளை வைத்துக்கொண்டு அதே வித்தைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே எடுக்கலாம்.

படத்தின் செலவு சுமார் 4 கோடி டாலர். ஏறக்குறைய முழுவதும் ஸ்டூடியோ தளங்களுக்குள்ளேயே எடுக்கப்பட்டது. கணினி இல்லாமல் முடியாது என்ற எஃபெக்ட்ஸ் குழுவை அனுப்பிவிட்டு, அந்தப் பொறுப்பை மகன் ரோமன் கொப்போலாவிடம் கொடுத்தார் இயக்குநர். சினிமா பிறந்த காலத்துத் தந்திரங்களே போதும், முடிந்தவரை எல்லாம் கேமராவுக்குள்ளேயே நடக்கட்டும் என்பதுதான் வேலைத்திட்டம். கதை நடப்பது 1897-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1896 பிப்ரவரியில், லூமியேர் சகோதரர்களின் சினிமாட்டோகிராஃப் லண்டன் ரீஜென்ட் தெருவிலிருந்த பாலிடெக்னிக்கில் காட்டப்பட்டது. பெப்பர் என்பவர் கண்ணாடித் தகட்டை வைத்து மேடையில் பேயை வரவழைத்துக் காட்டியதும் அதே கட்டடத்தில்தான், 1862-இல். மேடை வித்தையும் சினிமாவும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. படத்தில் கோமான் டிராகுலா, நாயகி மினாவை ஒரு சினிமாட்டோகிராஃப் காட்சிக்கு அழைத்துப்போவது சும்மா இல்லை.

இந்த ட்ரிக்குகள் ஏன் தாக்குப்பிடிக்கின்றன? தனித்தனியாக எடுத்துப் பின்னர் ஒட்டிய படங்கள் காலப்போக்கில் காட்டிக்கொடுப்பது ஓரங்களில். ஒரு பாதியின் கறுப்பு இன்னொரு பாதியின் கறுப்போடு சேராது, குருணை (ஃபிலிமின் பொடிப் புள்ளிகள்) மாறும், வெளிச்சம் வரும் திசை பொருந்தாது. ஒரே லென்ஸ் வழியாக, ஒரே நெகட்டிவில் எல்லாம் பதிந்தால் பொருந்தாமல் போக ஒன்றுமில்லை. தவிர, இந்தப் படம் நிஜம்போல் நடிக்கவே முயலவில்லை. அப்பட்டமான நாடக மேடைத்தனம். தோட்டக் காட்சியில் அது தளம் என்று நன்றாகவே தெரிகிறது. அதனால் எதுவும் கெட்டுப்போவதில்லை.

முதலில் படத்தைச் சரியாகப் பாருங்கள்

காப்பியடிப்பதற்கு முன் கவனிக்க வேண்டும். 2007-இல் வந்த ப்ளூரேயின் நிறமும் இருளும் ரசிகர்களிடையே சர்ச்சைக்குள்ளானவை. 2017-இல் வந்த 4கே வட்டு கிடைத்தால் அதையே எடுங்கள். டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். அது இல்லாத ஃப்ரேம்களை இடையில் செருகும், ரிவர்ஸ் ஷாட்டும் விட்டுவிட்டு ஓடும் ஷாட்டும் பாழாகும். ஷார்ப்னெஸ்ஸை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். பாதிப் படம் நிழலில்தான் நடக்கிறது.

இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வொய்ச்சேக் கிலாரின் இசை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும், எதையும் எண்ண விடாது. சத்தமில்லாமல் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும்: இயற்கை விதிகள் உடைவது பெரும்பாலும் கோமானோ அவன் கைபட்டவர்களோ இருக்கும் இடத்தில்தான். கோட்டைக்குள் சொட்டு மேல்நோக்கி விழுகிறது, எலிகள் உத்தரத்தின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஓடுகின்றன, நிழல் உடலுக்குக் கட்டுப்படுவதில்லை. கோமானை வேட்டையாடும் வான் ஹெல்சிங் தனியாக இருக்கும் அறையில் இதெல்லாம் நடக்காது. உங்கள் படத்துக்கும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிக்கை எங்கு வேண்டுமானாலும் தூவினால், நான்காவது ஷாட்டுக்கு மேல் யாரும் பயப்படமாட்டார்கள்.

எல்லா ஷாட்டுக்கும் பொதுவானது

ட்ரைபாடின் நடுக் கம்பியில் 5 கிலோ மணல் பையைத் தொங்கவிடுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், ஐ.எஸ்.ஓ. நான்கும் மேனுவலில் இருக்கட்டும். லென்ஸிலும் பாடியிலும் உள்ள ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். ட்ரைபாடில் நிற்கும்போது அது சில சமயம் படத்தை மெல்ல நகர்த்தும், இரண்டு டேக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போதுதான் தெரியவரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் ஷட்டர் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120. வேக ஷாட்களுக்கு எல்.இ.டி. விளக்கு மினுக்குகிறதா என்று நொடிக்கு 120 ஃப்ரேமில் ஒரு சோதனை ஷாட் எடுத்துப் பார்த்துவிடுங்கள். மலிவான விளக்குகள் பலவும் இங்கேதான் கவிழ்க்கும்.

ரிவர்ஸ்

வெள்ளைக் கல்யாண உடையில், கழுத்தைச் சுற்றி, பல்லியின் விரிந்த கழுத்து மடல்போல் எழும் அந்தப் பிரம்மாண்டக் காலருடன் லூசி (மினாவின் தோழி, கோமான் கடித்து ரத்தக்காட்டேரியானவள்) சவப்பெட்டிக்குள் திரும்பிப் போகிறாளே, அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நடிகை சேடி ஃப்ராஸ்ட் பெட்டியிலிருந்து எழுந்து வருவதை எடுத்து, பின்னோக்கி ஓட்டியது. எழுந்து வரும்போது துணி அவளுக்குப் பின்னால் இழுபடும். பின்னோக்கி ஓட்டினால் துணி முந்திக்கொண்டு பெட்டிக்குள் சுருங்கும், உடல் அதைத் தொடரும். யாரோ உள்ளேயிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல இருக்கும். பயம் அந்தத் துணியில்தான் இருக்கிறது. நீளமான, கனமான துணி இல்லாமல் இந்த ஷாட்டை எடுத்தால் வெறும் ரிவர்ஸ் ஷாட்தான் மிஞ்சும்.

50 ஃப்ரேமில் எடுத்து 25-இல் ஓட்டுங்கள். லேசான மந்தம் உடலுக்கு எடை கொடுக்கும். ஒரு டேக் 6 நொடிக்கு மேல் வேண்டாம். நடிகர் கண் சிமிட்டக்கூடாது: இமை மூடும் வேகமும் திறக்கும் வேகமும் ஒன்றல்ல, திருப்பி ஓட்டினால் ஏதோ தவறு என்று பார்ப்பவருக்கு உடனே தட்டும். புகை கீழிறங்கும், மெழுகு மேலேறும்; அவற்றை ஃப்ரேமுக்கு வெளியே வையுங்கள். காற்றில்லாத அறையில் மெழுகுவர்த்திச் சுடர் மட்டும் ரிவர்ஸிலும் பிடிபடாது, தைரியமாக வைக்கலாம். ஆனால் அவ்வளவு நீளத் துணிக்கு அருகில் நிஜச் சுடர் வேண்டாம், பேட்டரி மெழுகுவர்த்தி போதும். பின்னோக்கி நடப்பது நினைக்கிற அளவுக்குச் சிரமமில்லை: பின்னால் நடக்கும்போது முன்பாதம் முதலில் தரையைத் தொடும், திருப்பி ஓட்டினால் அதுவே கடைசியாகத் தரையை விடும். சாதாரண நடையும் அப்படித்தான்.

மேல்நோக்கி விழும் சொட்டு

சொட்டைத் திருப்ப முடியாது, அறையைத் திருப்பலாம். ஒரு பலகையின் அடியில் பாட்டிலின் அடிப்பாகத்தை எபாக்ஸி பசையால் ஒட்டி, வாய் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். பலகைதான் மேசை. கேமராவைத் தலைகீழாக மாட்டுங்கள், அல்லது எடிட்டிங்கில் 180 டிகிரி சுழற்றுங்கள். எல்லாரும் மறப்பது விளக்கை: அதைத் தரையில், கீழிருந்து மேலாக வைக்க வேண்டும். மேலிருந்து அடித்தால், திருப்பிய பிறகு வெளிச்சம் தரையிலிருந்து வருவதாகத் தெரியும்.

30 செ.மீ. விழ ஒரு சொட்டுக்கு கால் நொடிதான் ஆகும். 24 ஃப்ரேமில் எடுத்தால் ஆறு ஃப்ரேமில் காரியம் முடிந்துவிடும், யாரும் பார்க்கமாட்டார்கள். 120-இல் எடுத்து 24-இல் ஓட்டினால் ஒன்றேகால் நொடி கிடைக்கும். வெறும் தண்ணீர் வேண்டாம். கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்தால் சொட்டு நிதானமாக உருண்டு திரளும், வெளிச்சத்தையும் நன்றாகப் பிடிக்கும்.

உடலுக்கு அடங்காத நிழல்

படத்திலேயே மிகச் சிறந்த தந்திரம் இது. செலவும் குறைவு. கோமான் ஒன்று செய்ய, அவன் நிழல் தன் பாட்டுக்கு வேறொன்று செய்கிறது. அந்த நிழல் அவனுடையதில்லை, அவனைப்போல உடுத்திய இன்னொருவருடையது.

சுவருக்குப் பதிலாக ஒரு திரையை வையுங்கள். தையல் இல்லாத ஒரே அகல வெள்ளைப் பருத்தித் துணியை மரச்சட்டத்தில் முரசுத்தோல்போல் இழுத்துக் கட்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் நிழல் நெளியும். சட்டத்தின் ஓரங்களை மரத் தூண், திரைச்சீலை கொண்டு மறைத்தால் அறையின் சுவராகிவிடும். திரைக்குப் பின்னால் 4 மீட்டரில் ஒற்றை விளக்கு. டூப் நடிகர் திரைக்கும் விளக்குக்கும் நடுவே, திரையிலிருந்து 1 மீட்டரில் நின்றால் நிழல் அவரைப்போல் 1.33 மடங்கு பெரிதாக விழும். 2 மீட்டரில் நின்றால் இரு மடங்கு. கணக்கு எளிது: விளக்கிலிருந்து திரைக்குள்ள தூரத்தை விளக்கிலிருந்து ஆளுக்குள்ள தூரத்தால் வகுத்தால் போதும். டூப் விளக்கை நோக்கி நடந்தால் நிழல் வீங்கும், அறையையே விழுங்கும். நடிகர் அசையாமல் நிற்க நிழல் மட்டும் வளர வேண்டுமென்றால் இதுதான் வழி.

நிழல் மங்கலாக விழுந்தால் விளக்கின் முகம் பெரிதாக இருக்கிறது என்று பொருள். சாஃப்ட்பாக்ஸ், டிஃப்யூஷன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 3 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாத சிப் உள்ள எல்.இ.டி.யை மட்டும் வெறுமையாக வையுங்கள். டூப் 1 மீட்டரில் நிற்கும்போது நிழலோரத்தின் மங்கல் சுமார் 1 செ.மீ. இருக்கும், அது அழகு. 2 மீட்டருக்குப் போனால் 3 செ.மீ. ஆகும். விளக்குக்கு அருகில் போகப் போக நிழல் பெரிதாவதோடு கரைந்தும் போகும். அதனால் நகம், விரல் தெரிய வேண்டிய ஷாட்டில் டூப்பைத் திரையோடு ஒட்டியே வையுங்கள். விரல்களுக்கு 3 செ.மீ. நீள அட்டை நகம் ஒட்டினால் போதும், நிழலுக்கு வண்ணம் தேவையில்லை.

இப்போது முன்பக்கம். நிஜ நடிகர் திரையிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவருக்கான விளக்கு பக்கவாட்டில், 90 டிகிரியில். அந்த வெளிச்சம் திரையில் பட்டால் நிழல் சாம்பல் நிறமாக வெளுக்கும், அவருடைய சொந்த நிழலும் விழுந்து குட்டு உடையும். விளக்கின் உள்பக்கத்தில் கறுப்பு அட்டை வைத்து வெட்டிவிடுங்கள். நடிகர் முகத்தைவிடத் திரை ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) மங்கலாக இருப்பது நல்லது. அதைவிடப் பிரகாசமானால் திரை ஜன்னல்போல ஒளிரும், சுவர் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

நடிப்பு விஷயம். முதல் சில நொடிகள் டூப் நடிகரை அப்படியே பின்பற்ற வேண்டும். பிறகு நிழல் அரை நொடி தாமதிக்கட்டும். அதன் பிறகுதான் தனி வழி போக வேண்டும். எடுத்ததுமே மாறினால் பிழை என்று நினைப்பார்கள். டூப்புக்கு முன்பக்கம் தெரியாது, ஆகவே கேமரா காட்சியை ஒரு சிறு மானிட்டரில் அவர் பார்வைக்கு வையுங்கள். வயர்லெஸ் மானிட்டர் கூடாது, கேபிளில் போங்கள். வயர்லெஸ்ஸில் தாமதம் உண்டு, அது நீங்கள் திட்டமிட்ட தாமதத்தோடு சேர்ந்து குழப்பும்.

இதே திரையைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு ஷாட்டையும் எடுத்துவிடலாம். படத்தின் தொடக்கத்தில் வரும் 1462-ஆம் ஆண்டுப் போர், சிவந்த வானத்துக்கு எதிரே கறுத்த உருவங்களாக மட்டுமே தெரிகிறது. பின்விளக்குக்குச் சிவப்பு ஜெல் (வண்ணத் தாள்), திரைக்கு முன்னால் விளக்கே இல்லாமல் ஆட்கள், கறுப்பு அட்டையில் வெட்டிய ஈட்டிகள், தூரத்துக் கூட்டத்துக்கு 20 செ.மீ. அட்டைப் பொம்மைகள். நான்கு பேரை வைத்து ஒரு படையையே காட்டலாம்.

டபுள் எக்ஸ்போஷர்

கோமானின் கோட்டைக்கு ரயிலில் போகும் ஹார்க்கரை (கியானு ரீவ்ஸ்) வானத்திலிருந்து இரண்டு கண்கள் பார்க்கின்றன. ஃபிலிமில் இதற்கு ஒருமுறை பதிந்த சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே ஃப்ரேமிலிருந்து மறுபடி பதிவார்கள். இரண்டாவது தடவை சொதப்பினால் முதல் தடவையும் போச்சு. டிஜிட்டலில் அந்த நடுக்கம் இல்லை. பல கேமராக்களில் உள்ள மல்டிபிள் எக்ஸ்போஷர் வசதி ஸ்டில் படங்களுக்கு மட்டுமே என்பதால், வீடியோவுக்கு இரண்டு டேக்குகளை எடிட்டிங்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஃபிலிம் காலத்து ஒழுக்கத்தோடு எடுங்கள், இல்லாவிட்டால் ஃபோன் ஃபில்டர்போல இருக்கும்.

இரண்டு படங்களும் முழு ஃப்ரேமையும் நிரப்பினால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். நான்கு படங்கள் என்றால் ஒவ்வொன்றும் இரண்டு ஸ்டாப். கறுப்புப் பின்னணியில் வரும் பேய் என்றால் குறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருக்க வேண்டும். சாதாரணக் கறுப்புத் துணி விளக்கில் சாம்பலாகத் தெரியும், முதல் படத்தின்மேல் ஒரு படலம்போல் படியும். வெல்வெட் வாங்குங்கள். அதன் மயிர் மேல்நோக்கிச் சாயும்படி தொங்கவிடுங்கள், மேல்விளக்கைக் குறைவாகப் பிரதிபலிக்கும். ஆள் வெல்வெட்டிலிருந்து 2 மீட்டர் முன்னால் நிற்கட்டும், விளக்கு பக்கத்திலிருந்து. பின்னணி முகத்தைவிடக் குறைந்தது ஐந்து ஸ்டாப் கீழே இருந்தால் தப்பித்தீர்கள்.

எடிட்டிங்கில் லீனியர் வண்ண வெளியில் 'ஆட்' முறைதான் ஃபிலிம் செய்ததற்கு நேரானது. அது இல்லாத மென்பொருளில் 'ஸ்க்ரீன்' முறை ஏறக்குறைய அதே விளைவைத் தரும். ஒளிபுகு அளவை 50 சதவீதத்துக்கு இறக்கி வைக்கும் பழக்கம் வேண்டாம். அது இரண்டையும் சோகையாக்கும். பேய் எப்போதும் முதல் படத்தின் இருண்ட பகுதியில் விழ வேண்டும். வெளிச்சமான சுவரின்மேல் பேயை வைத்தால் சுவர்தான் ஜெயிக்கும். வானத்துக் கண்கள் எடுபடுவதும் அந்தி வானம் இருண்டு கிடப்பதால்தான்.

தலைகீழ் எலிகள் இதன் இன்னொரு வகை. ஃப்ரேமின் ஒரு பகுதியை மறைத்து ஹார்க்கர் இருக்கும் பகுதியைப் பதிந்து, சுருளைத் திருப்பி, மறைப்பை மாற்றி, கேமராவைக் கவிழ்த்து எலிகளைப் பதிவது. டிஜிட்டலில் மென்மையான மாஸ்க் போதும். ஆனால் இணைப்புக் கோட்டை வெறும் சுவரில் விடாதீர்கள், ஓர் உத்தரத்தின் நிழலோரத்தில் ஒளித்து வையுங்கள்.

இன்னும் நேர்மையான வழி, இரண்டாவது படத்தை ப்ரொஜெக்டரால் நடிகர்மேலேயே அடிப்பது. பயணக் காட்சியில் ஹார்க்கர் முகத்தில் வரைபடம் படிவதைப் பாருங்கள். மூக்கின் மேட்டிலும் கன்னக்குழியிலும் கோடுகள் வளைகின்றன. அந்த வளைவை எடிட்டிங்கில் செய்ய ஒரு நாள் போகும்.

மினியேச்சர்

பிரம்மாண்டமான ஒரு நாட்குறிப்புப் புத்தகத்தின் விளிம்பில் ரயில் ஓடுகிறது. சின்ன ரயிலும் பெரிய புத்தகமும் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டவை. இதில் எல்லாமே கணக்கு.

அசையும் மினியேச்சருக்கு ஃப்ரேம் வேகம் முக்கியம். 24-ஐ அளவின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். கால் அளவு மாதிரிக்கு 48, எட்டில் ஒரு பங்குக்கு 68, பதினாறில் ஒரு பங்குக்கு 96. இதைவிட மெதுவாக எடுத்தால் பொம்மை துள்ளும். அடுத்தது ஃபோகஸ் ஆழம். பின்னணி மங்கினால் அது பொம்மை என்று கண் உடனே சொல்லிவிடும். ஃபுல் ஃப்ரேமில் 28 மி.மீ. லென்ஸ், எஃப் 16, ஃபோகஸை 1.6 மீட்டரில் வைத்தால் 80 செ.மீ. முதல் முடிவிலி வரை தெளிவு. இதற்கு விலை வெளிச்சம்: எஃப் 2.8-லிருந்து எஃப் 16-க்குப் போனால் 32 மடங்கு, 68 ஃப்ரேமுக்கு இன்னும் மூன்று மடங்கு. விளக்கு அவ்வளவு இல்லையென்றால் அசையாத மாதிரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஷட்டரை நீட்டி எடுக்கலாம்.

தண்ணீரையும் நெருப்பையும் சிறிதாக்க முடியாது. கால் அளவுக்குக் கீழே போனால் சொட்டு பூசணிக்காய் அளவில் தெரியும். மூடுபனி மட்டும் ஒத்துழைக்கும், அதுவும் மெல்லிய ஹேஸ் (காற்றில் சீராகப் பரவும் மென்புகை). கட்டித்த புகை சுருண்டு குட்டை உடைக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைத் திருப்ப வேண்டியிருந்தால், லென்ஸ் வழியே பார்க்கும்போது துளை தெரியும் புள்ளி ட்ரைபாட் அச்சுக்கு நேர் மேலே வரவேண்டும். ஒரு சிலைடு தகட்டில் கேமராவைப் பின்னால் தள்ளித் தள்ளிச் சோதியுங்கள்: அருகில் ஒரு குச்சி, தூரத்தில் ஒரு குச்சி, திருப்பும்போது இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகக்கூடாது.

கோட்டைக்கு மாதிரிகூட வேண்டாம். படத்தின் கோட்டை, செக் ஓவியர் குப்காவின் கருப்புச் சிலை ஓவியத்தைப் பின்பற்றி, சிம்மாசனத்தில் உட்கார்ந்த உருவம்போல அமைந்தது. அப்படியொரு வெளிக்கோட்டைக் கறுப்புத் தாளில் வெட்டி, 60×90 செ.மீ. அக்ரிலிக் தகட்டில் ஒட்டி, கேமராவுக்கு 1 மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். தகட்டில் உங்கள் பிம்பம் தெரியாதிருக்க கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. தாளின் வெட்டு ஓரத்தைக் கறுப்பு மார்க்கரால் தீட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைக் கோடாக மின்னும்.

கண்ணாடியில் விழாத ஆள்

ஹார்க்கர் சவரம் செய்யும்போது கோமான் கண்ணாடியில் தெரியாத காட்சிக்குப் பழைய நம்பகமான வழி: கண்ணாடியே வேண்டாம், சட்டம் மட்டும். சுவரில் துளை, அப்பால் இதே அறையின் இடவலம் மாறிய நகல். கேமராவுக்கு முதுகு காட்டி ஹார்க்கரின் டூப், துளைக்கு அப்பால் உண்மையான நடிகர்; கோமான் இந்தப் பக்கம் மட்டும். முன்னால் நிற்பவர் வலக்கையைத் தூக்கினால் எதிரே நிற்பவர் இடக்கையைத் தூக்க வேண்டும். அவருடைய தலை வகிடும் சட்டைப் பொத்தான் பக்கமும் மாற வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இந்தப் பொத்தானில்தான். இதில் ஒரு லாபம், கேமரா பிரதிபலிக்காது, எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். கைகளை ஒத்திசைக்க ஒருவர் தாளம் எண்ணட்டும், ஒலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

உருவம் மெல்லத் தோன்றி மறைய வேண்டுமானால் பெப்பரின் கண்ணாடி: கேமராவுக்கு 45 டிகிரியில் 3 மி.மீ. தகடு, ஃப்ரேமுக்கு வெளியே கறுப்பறையில் பேய். சாதாரணக் கண்ணாடி பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பும். அதனால் பேய்க்கு மூன்று ஸ்டாப்புக்கு மேல் கூடுதல் வெளிச்சம் தேவை. டிம்மரைத் திருகினால் வரும், போகும். தகடு தடித்தால் பேய் இரட்டையாகத் தெரியும்.

கையால் சுழற்றிய படம்

கோமான் பகலில் லண்டன் தெருவில் நடந்து வரும் காட்சி ஒரு பழைய பாத்தே கேமராவில், கையால் சுழற்றி எடுக்கப்பட்டது. இதைப் போலச் செய்ய நினைப்பவர்கள் கீறலும் தூசியும் ஒட்டுகிறார்கள். அதில் பலனில்லை. கைச்சுழற்சியின் அடையாளம் வேகமும் வெளிச்சமும் சேர்ந்தே மாறுவது: கை மெதுவானால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிக ஒளி, ஓட்டும்போது அசைவு வேகம். அன்றைய வழக்கம் நொடிக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு எட்டு ஃப்ரேம். எனவே தள்ளாட்டம் அரை நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும்.

25 ஃப்ரேமில் எடுத்து, டைம்லைனில் 125 சதவீத வேகம் கொடுங்கள். கீஃப்ரேம்கள் (மாற்றத்தைக் குறிக்கும் புள்ளிகள்) வைத்து அரை நொடிக்கு ஒருமுறை வேகத்தை 10 சதவீதம் ஏற்றி இறக்குங்கள். வேகம் 10 சதவீதம் ஏறும் இடத்தில் எக்ஸ்போஷரை 0.14 ஸ்டாப் ஏற்றுங்கள், இறங்கும் இடத்தில் இறக்குங்கள். எல்லா ஏற்ற இறக்கமும் ஒரே அளவில் இருந்தால் இயந்திரம்போலத் தெரியும், ஒன்றிரண்டைத் தவறவிடுங்கள். எடிட்டிங்கில் ஃப்ரேம் பிளெண்டிங் அணைந்திருக்க வேண்டும்.

ஓநாயின் பார்வையாகப் பாய்ந்து வரும் ஷாட்களுக்கு 6 ஃப்ரேம், ஷட்டர் 1/12. ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒருமுறை இரண்டாக, ஒருமுறை ஐந்தாக, ஒழுங்கில்லாமல் நீட்டுங்கள்.

உடையும் ஒட்டும்

உடைதான் இந்தப் படத்தின் செட். உடை வடிவமைத்த எய்கோ இஷியோகாவுக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. ஒப்பனைக்கும் ஒலித் தொகுப்புக்கும் சேர்த்து மொத்தம் மூன்று. பின்னணியைத் திரைச்சீலையிலும் இருட்டிலும் முடித்துவிட்டு, பணத்தை ஒரே ஒரு உடையில் கொட்டுங்கள். சிவப்பு உடையை 3200 கெல்வின் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், மெழுகுவர்த்தி நிறத்தில் பல சிவப்புகள் ஆரஞ்சாகிவிடும். ரத்தத்துக்கும் இதே கதிதான்: 250 மி.லி. குளுக்கோஸ் சிரப், 50 மி.லி. தண்ணீர், சிவப்பு உணவு வண்ணம், அதில் இரண்டு சொட்டு நீலம். துணியின் ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

ஷாட்டுகளை ஒட்டுவதற்கு வட்டத்தைத் தேடுங்கள். மயிற்பீலியின் கண் ரயில் குகையாகிறது, லூசியின் கழுத்திலுள்ள இரண்டு புள்ளிகள் ஓநாயின் கண்களாகின்றன. முதல் ஷாட்டை எடுத்ததும் மானிட்டரில் வட்டத்தின் விளிம்பை அழியும் மார்க்கரால் வரைந்து வையுங்கள், இரண்டாவது ஷாட்டை அந்தக் கோட்டுக்குள் பொருத்துங்கள். டிஸால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தோன்றுவது) 24 முதல் 36 ஃப்ரேம். லூசியின் தலை போனதும் வறுத்த இறைச்சியை அறுக்கும் கத்திக்குத் தாவுகிறதே படம், அதற்கு டிஸால்வ் வேண்டாம், நேர் வெட்டு. அந்தக் குரூர நகைச்சுவை ஒரு ஃப்ரேம் தாமதித்தாலும் செத்துப்போகும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுப்பதானால் வெல்வெட் ஷாட்களைக் காலையில் முடித்துவிடுங்கள். ஹேஸ் ஓடிய அறையில் வெல்வெட் மாலைவரை கறுக்காது.